பேரு தைச்ச துணி: சாங்கி சிறையும், சயாமுக்குப் போன நம்ம தாத்தாமாரும், மண்டபத்துச் சுவரும்



கோயில் மண்டபத்துல, அன்னதானக் கூடத்துக்குப் போற வழியில, இடதுபக்கச் சுவரை அளந்து பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கோம். போன வாரம் வந்தவங்க நிறைய பேர் கேட்டீங்க, "என்ன, டிவி மாட்டப் போறீங்களா?"ன்னு. டிவி இல்லை. துணியில தைச்ச ஒரு தொங்கல் வரப் போகுது. மூணு அடுக்குத் துணி, அது மேல மடிச்சுத் தைச்ச 66 பைகள். எதுக்கு, ஏன் 66, ஏன் துணி, இதெல்லாம் வாசல்ல செருப்பு போட்டுக்கிட்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கொஞ்சம் நீளமா எழுதுறோம். பொறுமையா படிங்க.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்த நாள். மலாயா முழுக்க ஏற்கெனவே போயிருந்தது. சிங்கப்பூர்ல இருந்த ஐரோப்பியர்களை, ராணுவத்துல இல்லாதவங்களா இருந்தாலும், பிடிச்சு அடைச்சாங்க. பெண்களும் பிள்ளைகளும் கொஞ்ச நாள் கட்டோங் பக்கம் இருந்தாங்க. மார்ச் மாசம் அங்கிருந்து சாங்கி சிறைக்கு வெயில்ல நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சிறை 1936ல திறந்தது. 600 கைதிகளுக்குன்னு கட்டினது. அதுக்குள்ள 2,000க்கும் மேற்பட்ட ஆட்களைத் திணிச்சாங்க. அதுல பெண்களும் பிள்ளைகளும் ஏறக்குறைய 400 பேர்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவுல சுவர். புருஷன் அந்தப் பக்கம் உயிரோட இருக்கானா, ராணுவத்துல இருந்தவன் எந்த முகாம்ல கிடக்கான், பொண்டாட்டிக்குத் தெரியாது. அவனுக்கும் இவளைப் பத்தித் தெரியாது. கடிதம் எழுத அனுமதி இல்லை.

அந்தப் பெண்கள்ல எத்தெல் மல்வனின்னு ஒரு கனடாக்கார அம்மா இருந்தாங்க. உள்ளே செஞ்சிலுவைச் சங்கத்தோட பிரதிநிதி அவங்கதான். மருத்துவமனையில காயப்பட்டுக் கிடக்கிற வீரர்களுக்குப் போர்வை தைச்சுக் கொடுக்கலாம்னு ஒரு யோசனை சொன்னாங்க. கேட்கிறதுக்குத் தர்ம காரியம். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத்துல ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. அதுல உன்னைப் பத்தி ஏதாவது ஒண்ணு தைச்சு, உன் பேரையும் போடு. அவ்வளவுதான் நிபந்தனை.

பேரு. அதுலதான் எல்லாம் இருந்தது. போர்வை மருத்துவமனைக்குப் போகும். அங்கே யாராவது பேரைப் படிப்பாங்க. படிச்சவன் இன்னொருத்தன்கிட்ட சொல்லுவான். இன்னாரோட சம்சாரம் உயிரோட இருக்காங்கன்னு சேதி ஆண்கள் முகாமுக்குப் போய்ச் சேரும்.

அப்படி மூணு போர்வை தைச்சாங்க. ஒண்ணு பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒண்ணு ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூணாவது ஜப்பானிய வீரர்களுக்கு! அடைச்சு வச்சவனோட ஆட்களுக்கே. காயப்பட்ட ஜப்பானிய வீரர்களோட வலிக்கு எங்க அனுதாபம்னு அதோட பின்பக்கம் தைச்சும் இருக்கு. சிறை அதிகாரி மத்த ரெண்டையும் தடுக்காம வெளியே விடணும்னா இப்படி ஒண்ணு வேணும்னு மல்வனி அம்மா கணக்குப் போட்டிருப்பாங்கன்னுதான் பலரும் சொல்றாங்க. எங்களுக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ஜப்பானியப் போர்வையில உள்ள பூ வேலையைப் படத்துல பார்த்தா, கணக்குக்காக மட்டும் தைச்ச மாதிரி இல்லை. அவ்வளவு சுத்தமான தையல். எங்க குழுவுல 30 வருஷம் தையல் கடை வச்சிருந்த ஒரு அண்ணன் இருக்காரு. அவர் அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு, "மனசில்லாம இப்படித் தைக்க வராதுப்பா"ன்னு சொன்னாரு.

ஒவ்வொரு போர்வையிலயும் 66 சதுரம். எங்க 66 எங்கே இருந்து வந்ததுன்னு இப்போ தெரிஞ்சிருக்கும்.

மத்த ரெண்டு போர்வையிலயும் சதுரங்கள் பேசுது. ஒருத்தங்க கப்பல் தைச்சிருக்காங்க, ஊருக்குத் திரும்பிப் போற கப்பல். ஒருத்தங்க சிறை அறையையே தைச்சிருக்காங்க. சொந்த ஊர் வரைபடம், வீடு, தோட்டத்துப் பூன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. சிலது சிரிப்பு. உள்ளே இருந்துக்கிட்டு சிரிப்பை ஊசியில கோத்திருக்காங்க.

இந்தப் பெரியவங்களுக்கு முன்னாடியே பிள்ளைங்க ஆரம்பிச்சிட்டாங்கங்கிறது இன்னொரு கதை. எலிசபெத் என்னிஸ்னு ஒரு தாதி. சிங்கப்பூர் விழுறதுக்குச் சில நாள் முன்னாடிதான் கல்யாணம் ஆச்சு. புருஷன் இந்திய மருத்துவப் படையில டாக்டர். கல்யாணம் ஆன கையோட ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். அவங்க சிறைக்குள்ள 8 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள ஒரு 20 பெண் பிள்ளைங்களைச் சேர்த்து சாரணியர் குழு நடத்தினாங்க. வாரம் ஒரு தடவை, சிறை முற்றத்துல ஒரு மூலை. அந்தப் பிள்ளைங்க தங்களோட அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசா ஒரு போர்வை தைக்க ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கே தெரியாம. கிடைச்ச துண்டுத் துணியை அறுகோணமா வெட்டி, ஒண்ணைச் சுத்தி ஆறு வச்சுப் பூ மாதிரி இணைச்சு, நடுவுல தங்கள் பேரைத் தைச்சாங்க. நூலுக்கு எங்கே போவாங்க? பழைய துணியோட தையலைப் பிரிச்சு எடுத்த நூல். அந்தப் போர்வை இப்போ லண்டன்ல ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகத்துல இருக்கு. பெரியவங்க தைச்ச ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கேன்பராவுல உள்ள போர் நினைவகத்துல. பிரிட்டிஷ் போர்வை அந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கிட்ட.

மல்வனி அம்மா பத்தி இன்னொரு விஷயம். அன்னதானக் குழுவுல இருக்கிறவங்களுக்காகச் சொல்றோம். பட்டினி முத்தினப்போ அந்தப் பெண்கள் வட்டமா உட்கார்ந்து, வாயாலேயே விருந்து சமைச்சிருக்காங்க. நான் இதைச் செய்வேன், இவ்வளவு வெண்ணெய் போடுவேன், இப்படிக் கிண்டுவேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு, அதைக் குறிப்பெடுத்தும் வச்சாங்க. போர் முடிஞ்சு 1946ல மல்வனி அம்மா கனடாவுல அதைப் புத்தகமாப் போட்டு வித்து, 18,000 டாலர் திரட்டி, மருத்துவமனையில இருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்குச் சாப்பாட்டுக்கு அனுப்பினாங்க. இல்லாத சோத்தைப் பத்தி எழுதி இருக்கிற சோறு போட்டாங்க.

சரி, இது வெள்ளைக்காரங்க கதை, நம்ம கோயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கேட்கணும்.

அந்தப் பெண்கள் சாங்கியில ஊசியைக் கையில எடுத்த அதே 1942ல, சயாம்–பர்மா ரயில் பாதை வேலை தொடங்கிச்சு. தாய்லாந்துல பான் போங்குல இருந்து பர்மாவுல தான்பியூசாயட் வரைக்கும், 415 கிலோமீட்டர், காட்டுக்கும் மலைக்கும் நடுவுல. 1943 அக்டோபர்ல முடிச்சிட்டாங்க. ஒண்ணேகால் வருஷம் சுமார். எப்படி முடிஞ்சது? அதுக்குப் பதில் நம்ம தோட்டத்து லயங்கள்ல இருக்கு.

ஜப்பான்காரன் காலத்துல ரப்பர் வாங்க ஆள் இல்லை. பால்மரம் சும்மா நின்னுச்சு. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். உடுத்தத் துணி இல்லாம சாக்கைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டதா வயசானவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. அந்த நேரத்துலதான் மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, திரும்பிக் கொண்டு வந்து விட்டுடுவோம்னு சொல்லி ஆள் எடுத்தாங்க. போனவன் திரும்பலைன்னு தெரிஞ்சதும் மத்தவங்க போக மறுத்தாங்க. அப்புறம் பிடிச்சுட்டுப் போனாங்க. ஓசிப் படம் காட்டுறோம்னு கூட்டி, வெளியே வர்ற வழியில லாரி நிறுத்தி ஏத்தின கதையும் உண்டு. பெண்களும் பிள்ளைகளும்கூட போனாங்க. அங்கே மலேரியா, சொறி, வயித்துப்போக்கு; 1943 மழையில காலரா.

இப்போ கணக்கைப் பாருங்க. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல அந்தப் பாதையில வேலை செஞ்சாங்க. 12,000 பேருக்கு மேல செத்தாங்க. காஞ்சனபுரிக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க: ஊர் நடுவுல புல் வெட்டி, பூச்செடி வச்சு, கிட்டத்தட்ட 7,000 கல்லறை. பேரு தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு பலகை. அதுல பேரு, படைப்பிரிவு, வயசு, வீட்டார் சொன்ன ஒரு வரி.

நம்மாளுங்க, ஜாவாக்காரங்க, பர்மியர், மலாய்க்காரர், சீனர் எல்லாரையும் சேர்த்து 200,000 பேருக்கு மேல அந்தப் பாதைக்குப் போனதாச் சொல்றாங்க. மலாயாவுல இருந்து போனவங்கள்ல தமிழர்தான் பெரும்பகுதி. எத்தனை பேர் செத்தாங்க? 80,000ல இருந்து 100,000 வரைக்கும். கவனிச்சீங்களா, 'ல இருந்து, வரைக்கும்'. நடுவுல இருக்கிற 20,000 உயிர் எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது. பேரேடு இல்லை. கல்லறைப் பலகை இல்லை. நம்ம எழுத்தாளர்கள் நாவல் எழுதினாங்க, அ. ரெங்கசாமி அய்யாவோட 'நினைவுச் சின்னம்' படிச்சவங்க நம்ம கோயில்லயே இருக்கீங்க. ஆனா நாவல்ல உங்க தாத்தாவோட பேரு இருக்காது.

இங்கேதான் கோயில் உள்ளே வருது.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தர்ப்பண வரிசையில உதவிக்கு நிற்கிறது நாங்கதான். எள்ளு, தண்ணி, தர்ப்பை எடுத்துக் கொடுக்கிற வேலை. குருக்கள் அய்யா "அப்பா பேரு, தாத்தா பேரு, பாட்டன் பேரு சொல்லுங்க"ம்பாரு. அப்பா பேரு வரும். தாத்தா பேர்ல சில பேர் தடுமாறுவாங்க. "தாத்தாவை சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்க சாமி, எங்கப்பாவுக்கே அப்போ மூணு வயசு." எந்தத் திதின்னும் தெரியாது. தெரியாதவங்க அமாவாசையில கொடுக்கலாம், அது சாஸ்திரத்துலயே இருக்கு. ஆனா பேரு? பேரு சொல்லத் தெரியாதவங்களுக்கும் மந்திரத்துல வழி இருக்குன்னு குருக்கள் அய்யா சமாதானம் சொல்லுவாரு. கேட்டவங்க முகம் சமாதானம் ஆகி நாங்க பார்த்ததில்லை.

நம்ம கோயில் தோட்டத்துல பிறந்த கோயில். லயத்துக்குப் பின்னாடி ஒரு கல்லு, ஒரு சூலம், அப்புறம் தகரக் கொட்டகை. தோட்டம் வித்து தாமான் ஆனப்போ கோயில் இங்கே வந்தது. குடும்பங்கள் நாலு திசைக்குப் போச்சு. தோட்டத்து ஆபீஸ் பேரேடு எங்கே போச்சுன்னு தெரியாது. யார் வீட்ல இருந்து யார் சயாமுக்குப் போனாங்கன்னு சொல்ல இப்போ மிச்சம் இருக்கிறது எண்பது, தொண்ணூறு வயசுப் பாட்டிமார் சில பேர்தான். போன தைப்பூசத்துக்கு இருந்தவங்கள்ல ரெண்டு பேர் இப்போ இல்லை. அவங்க தலைக்குள்ள எத்தனை பேரு இருந்துச்சோ.

அதனாலதான் இந்தத் துணி.

ஏன் கல்வெட்டு வைக்கலை, ஏன் பலகை அடிக்கலைன்னு நிர்வாகக் கூட்டத்துலயே கேட்டாங்க. கல்லுல வெட்டினா கணக்கு முடிஞ்ச மாதிரி. நாளைக்கு இன்னொரு குடும்பம் வந்து "எங்க பெரியப்பாவும் போனாரு"ன்னா கல்லுல எங்கே இடம்? பை அப்படி இல்லை. உள்ளே இன்னொரு சீட்டு வைக்கலாம், தப்பாத் தெரிஞ்ச பேரை மாத்தி எழுதலாம். இன்னொண்ணும் சொல்லணும். காக்கிறதுக்குத் துணியை மடிக்கிறது நம்ம பழக்கம்தான். பாட்டிக்குச் சுருக்குப்பை. அம்மாவுக்கு மடி. தாத்தாவுக்கு வேட்டி மடிப்பு. குழந்தைக்குக் காய்ச்சல்னா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிட்டு, 'குணமானதும் கொண்டாந்து செலுத்துறேன் தாயே'ன்னு சொல்றோமே, அந்த முடிச்சு ஒரு பைதானே. தேர்ல தொங்குற தொம்பையைப் பாருங்க: வெட்டின துணியை இன்னொரு துணி மேல வச்சுத் தைச்ச வேலை. துணி சாமிக்கு ஆகாததுன்னு யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்துல இன்னொரு எதிர்ப்பும் வந்தது, அது நியாயமான எதிர்ப்பு. மண்டபத்துல கல்யாணம் நடக்கும், காதுகுத்து நடக்கும். செத்தவங்க பேரைச் சுவர்ல தொங்க விடலாமான்னு ஒரு பெரியவர் கேட்டாரு. கொஞ்சம் சத்தமாவே கேட்டாரு. நாங்க பதில் யோசிக்கிறதுக்குள்ள வயசான ஒரு அம்மா எழுந்து, "கல்யாணத்துக்கு முன்னாடி முன்னோருக்குப் படைக்கிறோமே, அவங்க செத்தவங்க இல்லாம யாரு தம்பி?"ன்னாங்க. அதுக்கு மேல பேச்சு இல்லை. ஆனாலும் அந்தப் பெரியவர் மனசும் நோகக் கூடாதுன்னு, மேடைக்கு நேரே வேண்டாம், அன்னதானக் கூடத்து வழியில மாட்டலாம்னு முடிவாச்சு. சாப்பிடப் போறவங்க எல்லாரும் கடந்துதான் போகணும். பசியில செத்தவங்க பேரு சோத்துக்குப் போற வழியில இருக்கிறது பொருத்தம்தான்னு எங்களுக்குப் படுது.

தையல் தெரிஞ்சவங்களுக்காக அளவு சொல்றோம், நிறைய பேர் வீட்ல இருந்தே பை தைச்சுத் தர்றேன்னு கேட்டிருக்கீங்க. அடித்துணி 11 கட்டம் அகலம், 6 வரிசை உயரம். ஒரு கட்டம் 7 அங்குலம். மேலே காவி, பின்னாடி கெட்டியான காடாத் துணி, நடுவுல மெல்லிய பஞ்சு விரிப்பு. மூணையும் சேர்த்து முதல்ல பெரிய பெரிய தையலா ஓட்டி வச்சு, அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் மெஷின்ல கோடு ஓட்டுறோம். இதை முதல்ல செஞ்சாத்தான் பஞ்சு நகராது. பையை முதல்ல வச்சிட்டா துணி இழுத்துக்கும்.

பைக்குத் துணி 9 அங்குலம் அகலம், 13 அங்குலம் நீளம் வெட்டுங்க. நீளத்தைப் பாதியா மடிங்க, நல்ல பக்கம் உள்ளே. மூணு ஓரமும் அரை அங்குலம் விட்டுத் தைச்சு, கீழே ரெண்டு விரல் நுழையற இடம் மட்டும் விட்டு, அது வழியாத் திருப்புங்க. 8க்கு 6 வரும். மடிப்பு வர்ற பக்கம்தான் பை வாய். அங்கே பிசிறு வராது, தனியா மடிச்சுத் தைக்கவும் வேண்டாம். இப்போ நடுவுல சேலைக் கொசுவம் மாதிரி ரெண்டு மடிப்பு எடுத்து 8ஐ 6 ஆக்குங்க. கொசுவம் எதுக்குன்னா, உள்ளே சீட்டு நிறைஞ்சாலும் பை விரிஞ்சு கொடுக்கும். கொசுவத்தை இஸ்திரி போட்டு, பக்கமும் அடியும் சேர்த்து அடித்துணியில தைக்கணும். வாயோட ரெண்டு முனையிலயும் மூணு தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்க. கை விட்டு எடுக்கிறப்போ முதல்ல கிழியிறது அந்த முனைதான்.

பைத் துணி உங்க வீட்டுத் துணியா இருந்தா நல்லது. பாட்டியோட பழைய நூல் சேலை, அப்பாவோட வேட்டி, எதுவா இருந்தாலும் துவைச்சுக் கொண்டாங்க. பட்டு வேண்டாம், நழுவும். ஒரு குடும்பம் சாக்குத் துணியில பை தைச்சுக் கொண்டு வந்திருக்கு. அவங்க கொள்ளுப்பாட்டி அந்தக் காலத்துல உடுத்தினது சாக்குதான்னு. குத்தும், நூல் பிரியும், ஆனா உள்ளே காடாத்துணி வச்சு அதையும் தைச்சிட்டோம். அது ரெண்டாவது வரிசையில வரும்.

பை முகப்புல வீட்டுப் பேரு அல்லது சயாமுக்குப் போனவர் பேரு, நூல்ல. பேனா மை நம்ம ஊர் ஈரத்துல நாலு வருஷம் தாங்காது. தைக்கத் தெரியாதவங்க பென்சில்ல எழுதிக் கொடுத்தா சங்கிலித் தையல்ல நாங்க போட்டுத் தர்றோம். சனிக்கிழமை தேவார வகுப்புக்கு வர்ற பெண் பிள்ளைங்க நாலு பேர் நல்லாப் போடுறாங்க. பையன்கள்ல ஒருத்தன் அவங்களைவிட நல்லாப் போடுறான், வெளியே சொல்லாதேங்கிறான்.

உள்ளே வைக்கிற சீட்டுல எழுத வேண்டியது: பேரு, எந்தத் தோட்டம், எத்தனை வயசுல போனாரு, கூடப் போனவங்க யாரு, திரும்பி வந்தாரா. திரும்பி வந்தவங்களையும் எழுதுங்க. வந்த பிறகு பேசவே இல்லை, ராத்திரியில கத்துவாருன்னு சில வீட்ல சொல்றீங்க. அதையும் எழுதலாம்னா எழுதுங்க. முழுப் பேரு தெரியலைன்னா கூப்பிட்ட பேரு போதும். அதுவும் தெரியலைன்னா, இப்போதைக்கு வந்திருக்கிற சீட்டுகள்ல ஒண்ணு இப்படி இருக்கு: "அஞ்சலையோட அண்ணன். தவில் வாசிப்பாரு." அந்தப் பை முகப்புல அப்படியேதான் தைச்சிருக்கோம்.

இதுவரைக்கும் 41 பை முடிஞ்சிருக்கு. மிச்சம் 25. ஆடி அமாவாசைக்கு முன்னாடி மாட்டிடணும்னு பார்க்கிறோம், அன்னைக்குத் தர்ப்பண வரிசையில நிற்கிறப்போ குருக்கள் அய்யா கேட்டா, பையில கை விட்டுப் பார்த்துச் சொல்லலாம். ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சு பத்து மணிக்கு மேல மண்டபத்துல ரெண்டு மெஷின் போட்டிருப்போம். வீட்ல பாட்டி இருந்தா கூட்டிட்டு வாங்க, நாற்காலி எடுத்துப் போடுறோம், படி ஏற வேண்டாம். நடக்க முடியாதவங்கன்னா சொல்லுங்க, நோட்டுப் புத்தகத்தோட நாங்களே வீட்டுக்கு வர்றோம்.